கூப்பிடு தூரம்

சாந்தியாகோவிலிருந்து ஆக்லாந்துக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நேர்கோடு என்று நினைப்பவர்களுக்கு
மேசையிலிருக்கும் உருண்டையில் நூல் பிடித்துக் காட்டுவேன்.
நூல் தெற்கே சரியும்,
பனிக்கண்டத்தை எட்டிப் பார்க்கப் போவதுபோல் போய்
மனம் மாறித் திரும்பும்.
வழியில் ஓர் ஊர் கிடையாது.
ஒரு கப்பல் விளக்கு தெரிந்தால்
விமானிகள் அதை வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

எதிர்க்காற்று உண்டு. பதின்மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால்
திங்கட்கிழமை அதிகாலை நாலரை.
இடையிலுள்ள ஞாயிறு
நள்ளிரவில் பிறந்து, இருட்டிலேயே தவழ்ந்து,
தேதிக்கோட்டில் கால் தடுக்கி விழுந்துவிடும்.
அந்த ஞாயிற்றில் ஞாயிறு உதிப்பதில்லை.

என் வேலை எடை.
முன்னறையில் எத்தனை கிலோ, பின்னறையில் எத்தனை,
மூக்கு தாழாமல் வால் தொங்காமல்
ஒரு தராசு முள்ளை நடுவில் நிறுத்துவது.
பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன்,
கடல் தாண்டும் விமானம் ஒன்றில்கூட ஏறியதில்லை.

அன்றைய தாளில்
மக்காச்சோள விதை, இரண்டாயிரத்து நூறு கிலோ.
பம்ப் உதிரிகள். தபால்.
ஒரு பெட்டி, நூற்று நாற்பத்தாறு கிலோ, பின்னறை, கடைசி இடம்.
பெயர் எழுதும் கட்டம் அந்தச் சரக்குக்கு மட்டும் உண்டு:
ரெவி பராட்டா.
ஆட்டுரோமம் கத்தரிப்பவர். கொயாய்க்கே பக்கம் ஒரு பண்ணையில்
இருநூற்றுப் பதினோராவது ஆட்டை
வெறும் உடம்போடு வெயிலுக்குத் துரத்திவிட்டு
உட்கார்ந்தவர் எழவில்லை.

இதெல்லாம் அக்கா ஹுஹானா சொல்லித்தான் தெரியும்.
கவுன்டரில் யாமிலாவிடம் ஒரே கேள்வியை
மூன்று விதமாகக் கேட்டிருக்கிறாள்.
யாமிலா போனை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"எனக்குப் பதினாறாம் வரிசை.
அவனிடமிருந்து அது எவ்வளவு தூரம்?"

புதைக்கும்வரை தனியே விடுவதில்லை நாங்கள் என்றாள்.
மன்றாடவில்லை.
எங்கள் ஊரில் மழை பெய்யும் என்பதுபோலச் சொன்னாள்.
ஆறு நாள், பிணவறைக் கதவுக்கு வெளியே
பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்திருக்கிறாள்;
இரண்டாம் நாளிலிருந்து காவலாளி
தனக்குப் போடும் தேநீரில்
அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் வைத்தாராம்.

வரைபடத்தில் ஸ்கேலை வைத்தேன்.
இருபத்தேழு மீட்டர்.
ஒன்பதாயிரத்துச் சொச்சத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்கிறவன்
இருபத்தேழுக்குத் தொண்டையைச் செருமினேன்.

வால்பக்கம் ஓர் இருக்கையும் காலியில்லை.
ஆளை நகர்த்த முடியாது.
விதையை நகர்த்தலாம்.

கீழே ஒஸ்வால்டோ கெட்ட வார்த்தையில்தான் தொடங்கினான்.
ஏற்றியதை இறக்கச் சொன்னால் யாருக்கும் வரும்.
காரணம் கேட்டான், சொன்னேன்.
தொப்பியைக் கழற்றினானா தெரியாது,
வாக்கிடாக்கியில் அது கேட்காது.
பதினெட்டு நிமிடம்.
ஒரு தட்டு விதை பின்னால் போயிற்று,
ரெவி முன்னால் வந்தார்.
முள் ஒரு மயிரிழை ஆடி, நின்றது.

"உங்கள் காலுக்கு நேர் கீழே," என்றேன்.
"இரண்டு மீட்டர் பத்து."

மறுமுனையில் பெட்டிச் சக்கரங்கள், அறிவிப்புகள்,
யாருடைய குழந்தையோ.
பிறகு அவள்:
"பேசினால் கேட்குமா?"

தரைப்பலகை, பஞ்சுப்பொதி, தகடு,
இரண்டு இயந்திரங்களின் இரைச்சல்.
நான் அளக்கக் கற்றதெல்லாம் சேர்ந்து நின்று
கேட்காது என்றன.

"கூப்பிடு தூரம்தான்," என்றேன்.

ஞாயிறு காலை வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.
எனக்கு ஞாயிறு இருந்தது, கண்கூசும் வெயிலோடு.
மேல்வீட்டில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஒரு மணி சுமாருக்கு விழித்து
ஜன்னலையும் கடிகாரத்தையும் பார்த்தேன்.
அங்கே இருட்டு, திங்கள்,
இறங்கியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை தணிக்கைப் பிரிவிலிருந்து தாள் வந்தது.
சுமை இடமாற்றம். தாமதம் பதினெட்டு நிமிடம்.
காரணம்?

கட்டம் சின்னது.
"சமநிலை" என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.